வெளிநாட்டுக் கொள்கையே என்ற அணியில்

உக்காருங்க சார். ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும், எனக்குக் காத்து ஆகாது. தொண்டை கட்டிரும். சாயங்காலம் கோவில்பட்டியில ப்ரோக்ராம் இருக்கு. நமக்குத் தொண்டைதான முதலு.

என்ன அப்படிப் பாக்கீங்க? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கா? நல்லாப் பாருங்க. போன்ல பாத்திருப்பீங்க. ஊதாத் துண்டு, நெத்தியில சந்தனம், ரெண்டு கையையும் இப்படி விரிச்சுக்கிட்டு... ஆங், அதேதான்! நான்தான் அது. சொல்லருவி தளவாய். மறுப்புரை மன்னன்னும் போடுவாங்க. பட்டத்த யாரு குடுத்தான்னு மட்டும் கேக்காதீங்க, நோட்டீஸ் அடிக்கும்போது நாமளே போட்டுக்கிடறதுதான். சோத்துக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. மூச்சுக்குப் பட்டிமன்றம். முப்பது வருசமா எந்தப் பாயிண்டுக்கும் மறுப்பு சொல்லாம நான் மேடையில உக்காந்ததே கிடையாது.

சிரிக்கீங்க. அந்த வீடியோவப் பாத்துட்டு சிரிக்காத ஆளு கிடையாது. ஆனா அதுல முன்னயும் பின்னயும் வெட்டிட்டானுவ சார். முழுசாக் கேட்டாத்தான் அதுல உள்ள வேலைப்பாடு தெரியும். பஸ்ஸு இன்னும் கயத்தாறே வரல, சொல்லுதேன் கேளுங்க.

நம்ம பிரதமர் பத்ரிநாத் ஜி பதவிக்கு வந்து பத்து வருசம் ஆச்சுலா, அதுக்கு ஊர் ஊரா விழா வச்சாங்க. பாளையங்கோட்டையில என்ன வைக்கலாம்னு கட்சிக்காரங்க யோசிச்சிருக்காங்க. ஆடலும் பாடலும் வச்சாக் கூட்டம் வரும், ஆனா கேஸும் சேந்து வரும். அப்ப நம்ம பரமகுரு, அவருதான் அங்க கட்சிப் பொறுப்பாளரு, பட்டிமன்றம் வைப்போம்னுட்டாரு. தலைப்பு என்னன்னு கேளுங்க. "பிரதமரின் பத்தாண்டுச் சாதனையில் விஞ்சி நிற்பது உள்நாட்டுக் கொள்கையே! வெளிநாட்டுக் கொள்கையே!"

எப்பேர்ப்பட்ட தலைப்பு! இந்த அணி ஜெயிச்சாலும் பிரதமருக்குப் பாராட்டு, அந்த அணி ஜெயிச்சாலும் பிரதமருக்குப் பாராட்டு. கரண்டு போனாக்கூடப் பாராட்டுதான். இந்த மாதிரி ஒரு ஏற்பாடு நம்மாளு ஒருத்தனுக்குத்தான் தோணும்.

ஆனா ஒண்ண யாரும் யோசிக்கல. பட்டிமன்றம்னா என்ன சார்? நம்ம பக்கத்தத் தூக்கணும்னா எதிர்ப் பக்கத்தப் போட்டு மிதிக்கணும். மிதிக்காமப் பேசுனா அது பட்டிமன்றமா? இரங்கல் கூட்டம்லா!

உள்நாட்டு அணியில முதல்ல ஒரு காலேஜ் வாத்தியாரு எந்திரிச்சாரு. பிரதமரு சந்து பொந்தெல்லாம் ரோடு போட்டாருன்னு ஆரம்பிச்சவரு, கைதட்டு வரலன்ன உடனே எங்க வெளிநாட்டு அணிப் பக்கம் திரும்பிட்டாரு. "எண்பது நாட்டுக்குப் போனாரே, என்ன கொண்டு வந்தாரு? எல்லாருக்கும் ஆளுக்கொரு குத்துவிளக்கு குடுத்துட்டு, ரெண்டே ரெண்டு ஒட்டகச்சிவிங்கி வாங்கிட்டு வந்தாரு. அதுல ஒண்ணு, வந்து எறங்குன எடத்துலயே தலையச் சாச்சிருச்சு! மிச்சம் இருக்க ஒண்ணு துணைக்கு ஆளில்லாம தெக்கயும் வடக்கயும் பாத்துக்கிட்டு நிக்கு. இதுதானா வெளிநாட்டுக் கொள்கை?" ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

நாங்க விடுவோமா? எங்க அணியில முதல் பேச்சாளரு தாலுகாவுக்கு ஒரு மணிக்கூண்டு திட்டத்தக் கையில எடுத்துட்டாரு. "எங்க ஊரு மணிக்கூண்டுல நாலு முகம், நாலு முகத்துலயும் நாலு நேரம். கிழக்கால நின்னாக் காலை இட்லி, மேற்கால போனா ராத்திரிச் சாப்பாடு. ஒருத்தன் சுத்தி வந்தான்னா ஒரே நாள்ல கிழவனாயிருவான்! பிரதமரு வெளிநாட்டுல ஒரு மரம் நட்டா அங்க அது காடா வளருது. இங்க நட்ட மரத்த, போட்டோ பிடிக்கவன் லென்ச மூடுறதுக்குள்ள ஆடு தின்னுட்டு!"

அதுக்கப்புறம் வெங்காயம். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டு நம்ம தாய்மார் கண்ணீரத் தொடச்சது உள்நாட்டுக் கொள்கைன்னு அவங்க. தொடச்ச கண்ணீரக் கொண்டுபோயி வெங்காயம் பயிர் வச்ச சம்சாரி கண்ணுல விட்டது யாருன்னு நாங்க. ஒரு மணி நேரத்துல, சார், ரெண்டு அணியும் சேந்து பிரதமருக்கு உள்ளயும் ஒண்ணும் மிச்சம் வைக்கல, வெளியயும் ஒண்ணும் மிச்சம் வைக்கல. எதிர்க்கட்சிக்காரன் பத்து வருசமா முட்டி மோதிச் செய்ய முடியாத வேல. அதையும் அவங்க செலவுல, அவங்க மைக்குல, மாலை போட்டுச் செஞ்சு குடுத்தோம்.

பரமகுருவுக்கு வேர்த்து ஊத்துது. ஏன்னா முன்வரிசையில டெல்லியில இருந்து வந்த மந்திரி உக்காந்திருக்காரு. வெளியுறவுத் துறையில இணை மந்திரி. நல்ல வேளையா அவருக்குத் தமிழ் தெரியாது. காதுகிட்ட ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் உக்காந்து இந்தியில சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரு என்ன பண்ணாரு? பயத்துல எல்லாத்தையும் பாராட்டாவே மாத்திச் சொல்லிட்டாரு. ஒட்டகச்சிவிங்கி செத்துட்டுன்னா, "பிரதமரால மிருகக்காட்சி சாலைக்கே பெருமைன்னு சொல்லுதாங்க"ன்னு போட்டுட்டாரு. மந்திரி சிரிப்பாரு, ஆனா ஜனங்க சிரிச்சு முடிச்சு ஓய்ஞ்ச பிறகு ஒத்தையில சிரிப்பாரு. அவரு சிரிச்ச உடனே கட்சிக்காரங்க மறுபடியும் ஒரு தடவ சிரிப்பாங்க. இப்படி ஓடிக்கிட்டு இருந்துது.

இந்த எடத்துலதான் எங்க வீட்டுக்காரி எந்திரிச்சா.

ஆமா, என் பொஞ்சாதிதான், உலகம்மா. அவளும் பேச்சாளருதான். நான் ஒரு அணின்னா அவ எதிர் அணி. இருபது வருசமா அதுதான் எங்க வியாபாரமே. புருசனும் பொஞ்சாதியும் மேடையில அடிச்சுக்கிடறதப் பாக்கத்தான் ஜனம் வருது. அவ பேச வேண்டியதையும் நான்தான் எழுதிக் குடுப்பேன். "எங்க வீட்டுக்காரரு காப்பி போட்டாருன்னா பால்காரனே மன்னிப்புக் கேட்டுட்டுப் போவான்"னு இந்த மாதிரி. எல்லாம் கற்பனை. மேடையில குடும்பத்தப் பத்திச் சொல்லுதது எதையும் ஜனங்க நம்ப மாட்டாங்க, நம்பணும்னு நாங்களும் சொல்லுதது இல்ல. அம்பாசமுத்திரத்துல எங்க மாமியா குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க. அவங்கள நான் மேடையில எத்தனையோ தடவ சாகடிச்சிருக்கேன். முன்வரிசையில உக்காந்து அவங்களே கைதட்டியிருக்காங்க.

சரி, மேடையில நடந்தது புரியணும்னா வீட்டுக்குள்ள நடந்ததக் கொஞ்சம் சொல்லணும்.

எங்களுக்கு ஒத்தப் பையன், நம்பிராஜன். நம்பின்னு கூப்பிடுவோம். ஐ.டி.ஐ. முடிச்சிட்டு வெல்டர் வேலைக்கு வளைகுடாப் பக்கம் போனான். குழாய் பதிக்கற கம்பெனி. நல்லாத்தான் இருந்தான். போன வருசம் அந்த முதலாளி கம்பெனியச் சாத்திட்டு எங்கயோ ஓடிட்டான். இவனுவ பாஸ்போர்ட்டெல்லாம் அவன் பூட்டி வச்ச அலமாரியில இருக்கு. ஒரு தகர ஷெட்டுல நாப்பது அம்பது பேரு கிடக்கானுவ. பக்கத்துப் பள்ளிவாசல்ல குடுக்கற சோறு. கரண்டு நெனச்சா வரும். நம்ம தூதரகத்துக்குப் போன் போட்டா நல்ல வாத்தியம் வாசிக்காங்க சார், கேட்டுக்கிட்டே இருக்கலாம். அப்புறம் ஒரு பொண்ணு வந்து காத்திருக்கச் சொல்லும். அப்புறம் திரும்பவும் வாத்தியம்.

உலகம்மா இந்த நோட்டீசப் பாத்ததுல இருந்து என்னைய அரிச்சு எடுத்துட்டா. "வாரது வெளியுறவு மந்திரி. நீங்க அவருக்குப் பொன்னாடை போத்தப் போறீங்க. போத்தும்போது ஒரு வார்த்த சொன்னாப் போதும்"ன்னா. "ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? நான் வெளிநாட்டுக் கொள்கை அணி. நானே போயி என் பிள்ள வெளிநாட்டுல மாட்டிக்கிட்டான்னு சொன்னா என் பாயிண்டு என்ன ஆகும்?"னு கேட்டேன். ஞாயமாத்தான கேட்டேன்? ஒரு அணியில நின்னா அந்த அணிக்கு உண்மையா இருக்கணும் சார். அது தொழில் தர்மம்.

அதோட இன்னொண்ணு. பிரதமரு அடுத்தாப்ல எட்டு நாடு சுத்தப் போறாரு, கூட ஒரு கலைக்குழு போகுது, தமிழுக்கு ஒரு ஆளு வேணும்னு பரமகுரு காதுல போட்டு வச்சிருந்தாரு. நானே அந்தப் பக்கம் போயிட்டா நேர்ல பாத்து என் பிள்ளையக் கூட்டிட்டு வந்திர மாட்டேனா? எந்த நாடா? அந்த எட்டுல என் பிள்ள இருக்க நாடு இல்லதான். பக்கத்துல வரும். பிளேன் அது மேல போகும்னாங்க.

சரி, மேடைக்கு வாரேன். உலகம்மா எந்திரிச்சா. நான் எழுதிக் குடுத்த பேப்பர எடுத்தா, நாலா மடிச்சா, தண்ணி டம்ளருக்கு அடியில வச்சிட்டா.

"உள்நாட்டுல குறை இருக்கலாம்"னு ஆரம்பிச்சா. "மணிக்கூண்டு ஓடாம இருக்கலாம். ஆனா இங்க குறைன்னா போயி நிக்க ஒரு தாலுகா ஆபீஸ் இருக்கு. அங்கயும் கேக்கலன்னா காலிக் குடத்தோட உக்கார ஒரு ரோடு இருக்கு. உக்காந்தா பஸ்ஸு நிக்கும். பஸ்ஸு நின்னா தாசில்தார் வருவாரு. வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட பிள்ள எந்த ரோட்டுல உக்காருவான்? எந்தத் தாசில்தார் வருவாரு?"

பாயிண்டு எப்படி? பேப்பர்ல இல்லாதது, சொந்தமாப் பேசுதா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. எழுதிக் குடுத்தவன் நான், எனக்கே தெரியாம எங்க இருந்து வருது இதெல்லாம்?

அப்புறம் சொன்னா. "எங்களுக்கு ஒத்தப் பையன். வளைகுடாவுல பாஸ்போர்ட் இல்லாமத் தகர ஷெட்டுல கெடக்கான். அவன் தங்கச்சி மாதிரி ஒரு பொண்ணு போன எடுத்து எட்டு மாசமா எங்களக் காத்திருக்கச் சொல்லுது. அவனப் பெத்த அப்பாவ உங்களுக்குக் காட்டட்டுமா? இந்தா, எதிர் அணியில உக்காந்திருக்காரு. வெளிநாட்டுக் கொள்கை ஜெயிச்சிட்டுன்னு பேச வந்திருக்காரு!"

சார், அந்தச் சிரிப்பு! பந்தலே ஆடிப்போச்சு. ஜனங்க அத ஜோக்குன்னே நெனச்சிட்டாங்க. பின்ன, பட்டிமன்றத்துல பொஞ்சாதி புருசனக் கை காட்டுனா அது ஜோக்குதான? நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா நல்லா இருக்குமா?

அவ சிரிக்கல. கூட்டம் அடங்குற வரைக்கும் பேசாம நின்னா. "இது ஜோக்கு இல்ல"ன்னா. அதுக்கும் சிரிச்சாங்க. அதுவும் நாங்க வழக்கமாச் சொல்லுத வரிதான். அவ ரெண்டாந்தரம் "இது ஜோக்கு இல்ல"ன்னு சொன்னப்பத்தான் பொம்பளைங்க பக்கம் அமைதியாச்சு. நேரா அந்தப் போஸ்ட்மாஸ்டரப் பாத்து, "அய்யா, மத்ததெல்லாம் உங்க இஷ்டத்துக்குச் சொன்னீங்க. இத மட்டும் நான் சொன்ன மாதிரியே மந்திரிகிட்டச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு கும்பிட்டா.

அவரும் சொல்லிட்டாரு. மந்திரி முகம் மாறிச்சு. சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்தாரு. பையன் பேரு என்ன, எந்த ஊருன்னு போஸ்ட்மாஸ்டர் மூலமாக் கேட்டாரு. "நம்பிராஜன், அப்பா பேரு தளவாய்"னு உலகம்மா சொல்லுதா. மந்திரி விழா அழைப்பிதழ் அட்டையத் திருப்பி வச்சு எழுதப் போனாரு.

நீங்க என் நெலமையில இருந்து யோசிச்சுப் பாருங்க. அடுத்துப் பேச வேண்டியது நான். எங்க அணி மொத்தமாச் சரிஞ்சு கிடக்கு. என் கூட உக்காந்திருந்த ரெண்டு பேரும் முகத்த வேற பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பரமகுரு மேடைக்குக் கீழ நின்னு என்னையவே பாக்காரு. நடுவரு முனைவர் சங்கரபாண்டியன், "இதற்கு மறுப்பு இருக்கிறதா? மறுப்புரை மன்னன் என்ன சொல்லப் போகிறார்?"னு மைக்குல கேக்காரு. ரெண்டாயிரம் பேரு. மறுப்புரை மன்னன்னு பேரு வச்சிக்கிட்டு, மறுப்பு இல்லன்னு சொல்ல முடியுமா?

எந்திரிச்சேன். துண்ட எடுத்துத் தோள்ல போட்டேன். உடனே பேசிரக் கூடாது, அதுதான் வித்தை. கூட்டத்த இடமிருந்து வலமா ஒரு தடவப் பாத்தேன். "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவி சொன்னதக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிட்டு"ன்னேன். நிறுத்துனேன். கண்ணத் தொடச்சேன். ஒரு மூச்சு விட்டேன். ரெண்டு கையையும் விரிச்சேன்.

"ஆனா, எங்க வீட்டுல பையனே கிடையாதே!"

அவ்வளவுதான். வெடிச்சிருச்சு சார். விசில், துண்டு வீச்சு, சேரு மேல ஏறி நிக்கானுவ. முப்பது வருசத்துல அந்த மாதிரி ஒரு கைதட்ட நான் கேட்டதில்ல. அந்தப் பொம்பளைங்க பக்கமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சிட்டாங்க, இந்தப் பாடுபடுத்திட்டாளே இந்த உலகம்மான்னு. போஸ்ட்மாஸ்டர் மந்திரி காதுல சொன்னாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஜனங்க சிரிச்சு அடங்குன பிறகு மந்திரி ஒத்தையில சிரிச்சாரு. வெரலை ஆட்டி, நல்லா ஏமாத்துனீங்கன்னு உலகம்மாவப் பாத்துச் செல்லமா மெரட்டுனாரு. பேனாவ மூடிப் பையில வச்சிட்டாரு.

உலகம்மாவா? அவ குனிஞ்சு மேசை விரிப்போட ஓரத்த மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டு இருந்தா. இருந்தாலும் சொல்லுதேன், தப்பு அவ மேலதான். எழுதிக் குடுத்ததப் பேசியிருந்தா இந்த வம்பு உண்டா? சொந்த விசயத்தப் பொதுமேடையில கொண்டாந்தா, மேடை என்ன செய்யுமோ அதத்தான செய்யும்?

நடுவரு தீர்ப்பும் அருமையான தீர்ப்பு. "பிரதமரின் உள்நாட்டுக் கொள்கையின் பெருமை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. வெளிநாட்டுக் கொள்கையின் பெருமை உள்நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. ஆகவே இரண்டும் இரண்டு கண்கள்!" எங்க நிக்கமோ அங்க மட்டும் ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். யாரு யோசிச்சா? எல்லாருக்கும் பொன்னாடை, எல்லாருக்கும் புளியோதரை.

மறுநாள் எதிர்க்கட்சிக்காரன் உலகம்மா பேச்ச மட்டும் வெட்டி, "பிரதமரின் வெளியுறவுக் கொள்கையால் கதறும் தாய்"னு போட்டான். உடனே ஆளுங்கட்சிக்காரன் என் பேச்ச மட்டும் வெட்டி, "இல்லாத மகனுக்காக அழும் எதிர்க்கட்சி. தந்தையே உடைத்த உண்மை!"ன்னு போட்டான். ரெண்டு கட்சிக்கும் சரக்கு எங்க வீட்டுல இருந்துதான். டெல்லியில ஒரு பெரிய செய்தித் தொடர்பாளரு டிவியில என் வீடியோவப் போட்டுக் காட்டி, "தமிழ்நாட்டு அறிஞர் ஒருவரே சொல்லிவிட்டார்"னாரு. அறிஞர்! இன்சூரன்ஸ் ஆபீஸ்ல மேனேஜர் என்னைய மொத தடவையா உக்காரச் சொன்னாரு.

உலகம்மா அந்தத் திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனா. தனியாத்தான். அங்க இருந்த ஆபீசரு தங்கமான மனுசன். உக்கார வச்சு, மோர் வாங்கிக் குடுத்து, போன எடுத்து என் வீடியோவக் காட்டியிருக்காரு. "அம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா மேல அனுப்புனா டெல்லியில இதத்தான் பதிலாப் போடுவாங்க. மந்திரியே நேர்ல கேட்டிருக்காருன்னும் சொல்லுவாங்க"ன்னு சொல்லியிருக்காரு. பிள்ளையோட ஆதாரு, ஸ்கூல் போட்டோ, காது குத்துன போட்டோ எல்லாம் கொண்டுபோயிக் காட்டியிருக்கா. அவரும் எல்லாத்தையும் நல்லாப் பாத்தாராம். நம்புதேன்னும் சொன்னாராம். "ஆனா உங்க வீட்டுக்காரரு சொன்னத அவரே மாத்திச் சொன்னாத்தான்ம்மா"ன்னிருக்காரு.

வீட்டுக்கு வந்தா. அன்னையில இருந்து என்கிட்டப் பேச்சு நின்னு போச்சு. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, துணி தொவச்சுப் போடுவா. வாயத் தெறக்க மாட்டா. ரெண்டு பேச்சாளரு இருக்க வீடு சார், சுவத்துல பல்லி சத்தம் போட்டாக் கேக்கு. நானும் ஒரு தெம்புக்கு அவகிட்ட நாலஞ்சு கேள்வி போட்டுப் பாத்தேன். மறுப்பும் இல்ல, ஒப்புதலும் இல்ல. அப்படி ஒரு எதிரணிய நான் கண்டதே கிடையாது. ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு, பொய் சொல்லல.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது மட்டும் வாசல்ல வந்து நின்னா. கோவில்பட்டியிலயும் அதே தலைப்பு, அதே மந்திரி வாராரு. "ஒரே ஒரு வரி. எனக்கு ஒரு மகன் இருக்கான்னு அதே மைக்குல சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. இல்லன்னா..."ன்னா. இல்லன்னா என்னன்னு சொல்லல. கதவச் சாத்திக்கிட்டா. சரின்னு தலைய ஆட்டிட்டுத்தான் வந்திருக்கேன்.

இல்ல, அவ வரல. வர மாட்டேன்னுட்டா. அதுக்குப் பரமகுரு வேற ஏற்பாடு பண்ணிட்டாரு. சாத்தூர்ல ஒரு டீச்சரம்மா நல்லாப் பேசுமாம். மேடைக்கு மட்டும் எனக்குப் பொஞ்சாதியா நிக்கும். ஜனங்க அதத்தான எதிர்பாக்காங்க, நம்மால ஏமாத்த முடியுமா? அந்தம்மா வந்து பையன் இருக்கான்னு சொல்லணும், நான் எந்திரிச்சு, "எங்க வீட்டுல பையனே கிடையாதே"ன்னு சொல்லணும். அந்த வரியக் கேக்கத்தான் டிக்கெட்டு வாங்குன மாதிரி கூட்டம் வருதாம். பேனர்லயே அத அச்சடிச்சிருக்காங்க, என் போட்டோவுக்குக் கீழ.

அதான் சார் யோசிச்சிக்கிட்டு வாரேன். உலகம்மா சொன்ன வரிய எங்க வைக்க? பேச்சுல வச்சா எங்க அணி தோக்கும். தீர்ப்புக்கு அப்புறம் சொல்லலாம், ஆனா மந்திரி பொன்னாடை போத்துன உடனே கிளம்பிருவாரு. நன்றியுரையில நைசா நுழைக்கலாம், அப்ப எல்லாரும் சேர மடக்கிக்கிட்டு இருப்பாங்க. அட, மொதல்லயே சொல்லிட்டா, மெயின் வரிக்கு அங்க எடமே இல்லாமப் போயிரும். எப்படிப் பாத்தாலும் இடிக்கு.

இருங்க, போன்ல என்னமோ மினுங்குது. ஓ, இதுவா? காலையிலயே வந்துது. நம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கான். வீடியோ அவனுக்கும் போயிருக்கும்லா, அதப் பத்தித்தான் ஏதாச்சும் சொல்லுவான். சின்னப் பிள்ளையில இருந்தே என் பேச்சுன்னா அவனுக்கு உசுரு. மேடைக்குக் கீழ உக்காந்து நான் நிறுத்துத எடத்துல எல்லாம் அவனும் மூச்சப் பிடிச்சுக்கிடுவான். வீட்டுல வச்சுக் கேக்கல, அவ கேட்டா அழுவா. நீங்களும் கேளுங்க, காதக் குடுங்க, இப்படி. கண்டக்டர், கொஞ்சம் பாட்டக் கொறைங்க சார், பையன் பேசுதான்!

"அப்பா, நல்லா இருக்கேன். உங்க வீடியோ இங்க எல்லாரு போன்லயும் ஓடுதுப்பா. ரூம்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீங்க கண்ணத் தொடச்சிட்டு நிறுத்துதீங்கள்லா, அந்த எடம் நல்லா இருந்துது. பக்கத்துக் கட்டில் பையன், இவரு உங்க ஊரு ஆளாச்சே, உனக்குத் தெரியுமாடான்னு கேட்டான்."

கொஞ்சம் இருங்க, இன்னும் இருக்கு. நடுவுல நிறுத்துதான்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்ப்பா. அம்மாகிட்ட நான் சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லிருங்க."

...

கேட்டீங்களா? தெரியாதுன்னுட்டானாம்.

நிறுத்துன எடத்தப் பாத்தீங்களா சார்? கேள்விய வச்சிட்டு, ஒரு மூச்சு விட்டு... அப்படியே நான் செஞ்ச மாதிரி. என் பிள்ளைலா. எங்க போனாலும் என் பிள்ளைலா அவன்.

இன்னொரு தடவ போடட்டுமா? வேண்டாம். தண்ணி வச்சிருக்கீங்களா? குடுங்க. தொண்டை இன்னைக்கு முக்கியம்.

முப்பது வருசம் சார். எந்தப் பாயிண்டுக்கும் மறுப்பு இல்லாம நான் உக்காந்தது கிடையாது. இதுக்கு என்ன சொல்ல? கோவில்பட்டி பாலம் வந்துட்டு, அந்தா பாருங்க என் பேனர் தெரியுது. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா? சொல்லுங்க, பரவால்ல.

எது, உலகம்மா சொன்ன அந்த ஒரு வரியா? "எனக்கு ஒரு மகன் இருக்கான்"னா? அவ்வளவுதானா?

அதுக்கு யாரு சார் கைதட்டுவா?